மல்லிகை மணத்தோடு டார்க் சாக்லேட் டிரஃபிள்: பூவைக் கொதிக்க வைக்கத்தான் வேண்டுமா?

மதுரைமாடி
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் தங்கைக்கு நிச்சயதார்த்தம். தாம்பூலப் பையோடு ஒரு சின்ன டப்பாவில், வீட்டில் செய்த டார்க் சாக்லேட் டிரஃபிள் (சாக்லேட்டும் கிரீமும் சேர்த்துப் பிடிக்கிற உருண்டை) இரண்டு வைத்துக் கொடுக்க ஆசை. மதுரைக் கல்யாணம், அதனால் மல்லிகை மணம் வேண்டும் என்று தங்கையும் சொல்கிறாள்.

வீடியோக்களில் எல்லாரும் ஒரே வழியைத்தான் காட்டுகிறார்கள். கிரீமைக் கொதிக்க வைத்து, பூவைப் போட்டு, மூடி வைத்து, வடிகட்ட வேண்டுமாம். அப்படிச் செய்தால் கிரீமில் வேகவைத்த கீரை வாசனைதான் வருகிறது. கடையில் விற்கும் மல்லிகை எசென்ஸோ நாக்கில் கசப்பாக நிற்கிறது. மாடியில் ஏழெட்டுத் தொட்டியில் குண்டுமல்லி இருக்கிறது, மருந்து எதுவும் அடிப்பதில்லை. பூவின் மணம் அப்படியே சாக்லேட்டில் இறங்க வழி உண்டா? கிரீமும் சாக்லேட்டும் என்ன அளவு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அடுமனை அக்கா
முதலில் அளவு. உருண்டை பிடிக்கிற பதத்துக்கு எடையில் இரண்டு பங்கு சாக்லேட், ஒரு பங்கு கிரீம். 200 கிராம் சாக்லேட்டுக்கு 100 கிராம் கிரீம், 20 கிராம் உப்பில்லாத வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி லிக்விட் குளுக்கோஸ் அல்லது தேன். 12 கிராம் உருண்டையாகப் பிடித்தால் இருபத்தைந்துக்கு மேல் வரும். மற்றதற்கெல்லாம் கரண்டி, கப் கணக்கு வேண்டாம், தராசு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவு 55 முதல் 60 சதவீதம் கோகோ உள்ள சாக்லேட்டுக்கு. 70 சதவீதம் எடுத்தால் கிரீம் 120, 125 கிராம் வேண்டியிருக்கும். கோகோ கூடக்கூட அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், உருண்டை இறுகிப்போய் கடிக்கும்போது உடையும்.

சாக்லேட் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பு, ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு என்று இருந்தால் அது காம்பவுண்ட். கேக் மேல் ஊற்ற அது போதும், இதற்கு வேண்டாம். வாயில் வைத்ததும் கரையாது, கரையாவிட்டால் பூ வாசனையும் வெளியே வராது. கிரீமும் அப்படித்தான். கடைகளில் விப்பிங் கிரீம் என்று விற்கும் பல பாக்கெட்டுகளில் பாலே கிடையாது, பாமாயில் வகைதான். 25 சதவீதக் கொழுப்புள்ள சாதாரண ஃபிரெஷ் கிரீம் பாக்கெட் போதும். கொழுப்புக் குறைவதை அந்த 20 கிராம் வெண்ணெய் ஈடுகட்டிவிடும்.

மல்லிகை பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நான் பன்னீர் ரோஜாவோடு நின்றுவிடுவேன். வேறு யாராவது சொல்லட்டும்.

வேதியியல் வாத்தியார்
மல்லிகையைக் கொதிக்க வைக்கவே கூடாது. ரோஜாவுக்கு நடப்பது மல்லிகைக்கு நடக்காது.

ரோஜா மணத்தின் பெரும்பகுதி இதழில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருள் நிறைய உண்டு, அது தண்ணீரில் நன்றாகக் கரையும். பன்னீர் வடிக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். மல்லிகை வேறு மாதிரி. காலையில் பறித்த மொட்டை முகர்ந்து பாருங்கள், மணம் சொற்பம். சாயங்காலம் மொட்டு அவிழும்போதுதான் மணத்தைத் தயாரிக்க ஆரம்பிக்கும், பறித்த பிறகும் இரவு முழுக்கத் தயாரித்துக்கொண்டே இருக்கும். கொதிக்கிற கிரீமில் போட்ட நொடியில் பூ செத்துப்போகும். அதோடு உற்பத்தி நின்றது. மிச்சம் இருப்பது வெந்த இலை வாசனை. நீங்கள் சொன்ன கீரை வாசனை அதுதான்.

பிரான்ஸின் தென்பகுதியில் கிராஸ் என்ற ஊர் வாசனைத் திரவியத்துக்குப் பேர் போனது. அங்கே மல்லிகைக்கு அடுப்பே மூட்ட மாட்டார்கள். கண்ணாடித் தட்டில் மணமில்லாத கொழுப்பைத் தடவி, அதன் மேல் பூவை அடுக்கிவிடுவார்கள். பூ இரவெல்லாம் மூச்சுவிடும், கொழுப்பு அதைக் குடிக்கும். மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. அந்தத் தொழில் இப்போது பெரும்பாலும் நின்றுவிட்டது, ஆனால் முறை சரியான முறை.

இப்போது யோசியுங்கள். சாக்லேட்டில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. வெண்ணெய் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பு. இரண்டும் உங்கள் கையிலேயே இருக்கின்றன.

நூலகவாசி
வாத்தியார் சொன்னதை 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் செய்திருக்கிறார்கள். ஃபிளாரன்ஸைத் தலைநகராகக் கொண்ட டஸ்கனியை மூன்றாம் கோசிமோ தே மெடிச்சி ‘கிராண்ட் டியூக்’ என்ற பட்டத்தோடு ஆண்ட காலம் (1670 முதல் 1723 வரை). அவருடைய அரண்மனை வைத்தியர் பிரான்செஸ்கோ ரெதி. அழுகின இறைச்சியில் புழு தானாகப் பிறப்பதில்லை, ஈ இட்ட முட்டையிலிருந்துதான் வருகிறது என்று சோதனை செய்து காட்டிய அதே ரெதிதான். டஸ்கனி அரண்மனையில் பரிமாறிய மல்லிகை சாக்லேட் அவர் கைவண்ணம். அது குடிக்கிற சாக்லேட். செய்முறையை அவர் கடைசிவரை வெளியே விடவில்லை, அவர் காலத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அந்தச் செய்முறையில் பூவை வேகவைக்கும் வேலையே இல்லை. வறுத்து நொறுக்கிய கோகோவை ஒரு பெட்டியில் ஓர் அடுக்கு, அதன் மேல் புது மல்லிகை ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்புவது. 24 மணி நேரம் கழித்துப் பழைய பூவை நீக்கிப் புதுப் பூ. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. அப்புறம்தான் சர்க்கரை, வனிலா, பட்டை, அம்பர் (திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் வாசனைப் பொருள்) சேர்த்து அரைப்பார்கள்.

இன்னொன்று. அடுக்கடுக்காக உருண்டையாகப் பூக்கிற ஒரு குண்டுமல்லி வகைக்கு உலகம் முழுக்க நர்சரிகளில் ‘கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி’ என்றுதான் பெயர். நம் பக்கத்துப் பூ, அந்த ராஜாவின் பட்டத்தோடு திரிகிறது. மதுரைமாடி வீட்டுத் தொட்டியிலேயே அதன் உறவுக்காரர்கள் இருப்பார்கள்.

சிங்கைச் சமையல்
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிச்சயதார்த்த வீட்டு வேலைக்கு நடுவில் இவ்வளவு பாடு எதற்கு? நல்ல பன்னீர் ஒரு தேக்கரண்டி, இல்லாவிட்டால் தாழம்பூ நீர் சில சொட்டு. கனாஷ் (உருக்கிய சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவை) கலக்கி ஆறும்போது ஊற்றினால் முடிந்தது. ஒடிசாவின் கஞ்சாம் பக்கத்துத் தாழம்பூ நீர் இந்தியக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். மல்லிகை மென்மையான மணம், டார்க் சாக்லேட்டின் கசப்பு அதை விழுங்கிவிடும். ரோஜாவும் தாழம்பூவும் தாக்குப்பிடிக்கும்.

அடுமனை அக்கா
பன்னீர் என்றால் சாப்பிடத் தகுந்த பன்னீர். பூஜை சாமான் கடையிலும் அழகுப் பொருள் கடையிலும் விற்பது வேறு. பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகவும் கூடாது, அதிகமானால் கனாஷ் இளகி உருண்டை பிடிக்க வராது.

ரோஜா இதழே போடுவதானால் அடிப்பக்கத்து வெள்ளைப் பகுதியைக் கிள்ளிவிடுங்கள், அது கசக்கும். ஓர் ஏலக்காயின் அரிசியை நுணுக்கிப் போட்டால் ரோஜா மணம் இன்னும் எழும். சங்குப்பூ போடலாமா என்று யாரும் கேட்காதீர்கள். அதில் நிறம்தான் உண்டு, மணம் இல்லை. டார்க் சாக்லேட்டில் நிறமும் தெரியாது.

ஆனைமலைச்சாரல்
தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிறேன், பொள்ளாச்சி பக்கம். சிங்கைச் சகோதரி சொன்னதற்கு ஒரு பதில். கசப்பு மல்லிகையை விழுங்கும் என்பது எல்லாச் சாக்லேட்டுக்கும் பொருந்தாது. கருகும் அளவுக்கு வறுத்த கொட்டையில் செய்தால் விழுங்கும். பக்குவமாகப் புளிக்கவைத்து, மிதமாக வறுத்த கோகோவில் பூ வாசனை ஏற்கெனவே இருக்கும். ஈக்வடாரின் நாசியோனால் ரகம் உலகத்தில் பேர் வாங்கியதே பூ மணத்துக்காகத்தான். அந்த மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றான லினலூல் மல்லிகையிலும் இருக்கிறது. வாத்தியார் ரோஜாவுக்குச் சொன்ன ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலும் கோகோவில் உண்டு. அதனால் பூவும் கோகோவும் ஒன்றுக்கொன்று அந்நியமில்லை.

பறித்த காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையைப் பெட்டியில் போட்டு, வாழை இலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைப்போம். சுவையில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடும். நம் தோட்டத்துக் கோகோவில் பழப் புளிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும், மல்லிகைக்கு அது நல்ல ஜோடி. கோவையிலும் ஆரோவில்லிலும் உள்நாட்டுக் கோகோவில் கொட்டையிலிருந்து சாக்லேட் வரை தாங்களே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பாக்கெட்டுக்குப் போகும் முன் அதை ஒருமுறை வாங்கிச் சுவைத்துப் பாருங்கள். இதை வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. என் கொட்டை யாருடைய சாக்லேட்டில் சேர்கிறது என்று எனக்கே தெரியாது.

மதுரைமாடி
படிக்கப் படிக்க ஆசை கூடுகிறது. வாத்தியார் சார், வீட்டில் எப்படி அடுக்குவது என்று விவரமாகச் சொல்ல முடியுமா? பூ சாக்லேட்டைத் தொடலாமா? கிரீமிலேயே மணம் ஏற்ற முடியாதா?

வேதியியல் வாத்தியார்
கிரீம் வேண்டாம். மணம் ஏற வேண்டுமென்றால் இரவு முழுக்க வெளியே இருக்க வேண்டும், கிரீம் கெட்டுப்போகும். ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரில் மொட்டு ஒழுங்காக அவிழாது. சாக்லேட்டுக்கும் வெண்ணெய்க்கும் ஓர் இரவு வெளியே இருப்பதால் ஒன்றும் ஆகாது.

சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். சீவினால் இன்னும் நல்லது, பரப்பு கூடக்கூட மணம் அதிகம் பிடிக்கும். அகலமான எவர்சில்வர் டப்பாவில் பரப்பி, மேலே ஒரு மல் துணி. துணிக்கு மேலே மொட்டு. 200 கிராம் சாக்லேட்டுக்கு இரண்டு கைப்பிடி போதும். பூ நேரடியாகத் தொடக் கூடாது. மொட்டு ஈரத்தை வெளியே விடும், அந்த ஈரம் சாக்லேட்டில் பட்டால் சர்க்கரை கரைந்து வெள்ளையாகப் பூக்கும், உருக்கும்போது கட்டிதட்டும். ரெதி பூவோடு கலந்தே அடுக்கினாரே என்றால், அது சர்க்கரை சேராத வெறும் கோகோ.

வெண்ணெயை ஒரு தட்டில் மெல்லியதாகத் தடவி, அதே டப்பாவுக்குள் ஒரு கிண்ணத்தின் மேல் வையுங்கள். இருப்பதிலேயே மணத்தை வேகமாகப் பிடிப்பது வெண்ணெய்தான். சமையலறையில் வெங்காயம், பெருங்காயம் இருந்தால் அதையும் பிடிக்கும், ஆகவே டப்பாவைப் படுக்கையறையில் வையுங்கள். ஏசி 24, 25 டிகிரியில் இருந்தால் சாக்லேட்டும் இளகாது, பூவும் மலரும்.

சாயங்காலம் மூடினால் விடியற்காலையில் திறந்து பூவை எடுத்துவிடுங்கள். மூடியில் வியர்த்திருந்தால் சொட்டு விழாமல் கவனமாகத் திருப்பித் துடையுங்கள். பூ பழுப்பேறும்வரை விட்டால் மணம் மாறும். மல்லிகையில் இண்டோல் என்று ஒரு பொருள் உண்டு. கொஞ்சமாக இருக்கும்வரை அதுதான் மல்லிகையை மல்லிகையாகக் காட்டும், அதிகமானால் அழுகல் நெடி. இரண்டாம் இரவு புதுப் பூவோடு இன்னொரு முறை. மூன்றாம் இரவும் செய்யலாம். ஒவ்வொரு காலையிலும் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கலக்கும்போதும் சூடு குறைவாக இருக்கட்டும். பாக்கெட் கிரீம் ஏற்கெனவே உயர் வெப்பத்தில் பதப்படுத்தியது, திரும்பக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 40, 45 டிகிரிக்கு உருக்கி, கிரீமையும் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, குளுக்கோஸோடு மூன்று தடவையாக ஊற்றி நடுவிலிருந்து கலக்குங்கள். 35 டிகிரிக்கு வந்ததும் வெண்ணெய். காசு மிச்சம் பிடிக்கத் தர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்.

நிலக்கோட்டைத் தோட்டம்
மல்லிகை விவசாயி நான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். தங்கச்சி வீட்டுத் தொட்டிப் பூ என்பதால் சரி. சந்தையில் வாங்கிய பூவைச் சாப்பாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். மல்லிகைக்கு மொட்டுப்புழு வரும், ஈ வரும், சிலந்திப்பேன் வரும், மருந்து அடிக்காமல் எங்களால் எடுக்க முடியாது. தலையில் சூடுவதற்கும் சாமிக்கும் என்று வளர்க்கிற பூ அது. துணி மேலே வைத்தாலும் வேண்டாம். பூக்கடையில் தண்ணீர் தெளித்து, ஐஸ் பெட்டியில் வைத்து வருவதால் மணமும் பாதிதான்.

மொட்டை விடியற்காலையில் பறிக்க வேண்டும். அன்று சாயங்காலம் மலரப்போகிற மொட்டு வெள்ளையாக, தடித்து, காம்போடு நிமிர்ந்து இருக்கும். பச்சை கலந்த மொட்டு மலராது. பறித்து ஈரமில்லாத துணியில் நிழலில் போட்டு வைத்து, சாயங்காலம் டப்பாவில் போடுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் மணம் கொட்டும். மார்கழி, தை பனியில் விளைச்சலும் இல்லை, மணமும் மட்டு. நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் என்றால் நல்ல நேரம்தான்.

வாசனை நன்றாக இருக்கிறது என்று எந்தப் பூவையும் போட்டுவிடாதீர்கள். இரவுராணி மல்லிகை மாதிரியே மணக்கும், அது விஷச்செடி. அரளி கூடவே கூடாது. நந்தியாவட்டையின் பாலும் ஆகாது. பிச்சியும் முல்லையும் மல்லிகைக் குடும்பம்தான், பிச்சியின் மணம் இன்னும் ஆழமாக இருக்கும். தொட்டியில் பிச்சி இருந்தால் ஓர் இரவு அதையும் கலந்து பாருங்கள்.

கடலோரன்
இவ்வளவு வேண்டாமே, மல்லிகை அத்தர் ஒரு சொட்டு விட்டால் என்ன? இயற்கைதானே?

வேதியியல் வாத்தியார்
வேண்டாம் தம்பி. பழைய முறை அத்தர் சந்தன எண்ணெயில் இறக்குவது. இப்போது விலை குறைவாக வருவதில் பாரஃபின் எண்ணெய் கலக்கிறார்கள். தோலில் பூசச் செய்தது. மல்லிகை அப்சல்யூட் என்று விற்பதும் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் எடுப்பது, வாசனைத் திரவியத் தொழிலுக்கானது. உணவுக்கு என்று எழுதி விற்கிற சாறு கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

கடலோரன்
புரிந்தது சார், நன்றி.

புதுக்கரண்டி
இந்த இழையைப் பார்த்துச் செய்தேன். மணம் அருமையாக ஏறிவிட்டது. ஆனால் கிரீம் ஊற்றிக் கலக்கும்போது எண்ணெய் பிரிந்து திரிதிரியாக நிற்கிறது. 70 சதவீத சாக்லேட், கிரீம் 100 கிராம்தான் விட்டேன். தூக்கிப் போட மனம் வரவில்லை, என்ன செய்வது?

அடுமனை அக்கா
தூக்கிப் போடாதீர்கள். ஈரம் குறைந்ததால் கொழுப்புத் தனியாக நிற்கிறது. காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக ஒரு தேக்கரண்டி விட்டு, நடுவில் மட்டும் சின்ன வட்டமாகக் கலக்குங்கள். நடுவில் பளபளப்பு வந்ததும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். சேரவில்லையா, இன்னொரு தேக்கரண்டி. ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் காற்று புகாமல் அடியிலேயே வைத்து ஒரு சுற்று. அளவுக்கு மேல் சூடேறியிருந்தாலும் இப்படிப் பிரியும், அப்போது முதலில் 35 டிகிரிக்கு ஆறவிட வேண்டும்.

புதுக்கரண்டி
இரண்டு தேக்கரண்டி பாலில் கண்ணாடி மாதிரி சேர்ந்துவிட்டது! நன்றி அக்கா.

மதுரைமாடி
மாதிரிக்குச் செய்து பார்த்தாயிற்று. மூன்று இரவு மணம் ஏற்றினேன், கடைசி இரவு நிலக்கோட்டை அண்ணன் சொன்னபடி பக்கத்து வீட்டுப் பிச்சியும் சேர்த்து. 58 சதவீத சாக்லேட். வாயில் வைத்தவுடன் சாக்லேட் மட்டும்தான். கரையக் கரைய மல்லிகை எழுகிறது, விழுங்கிய பிறகுதான் முழுதாக வருகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டால் ஒன்றும் தெரியாது, கையை எடுத்தவுடன் பூ. சிங்கை அக்கா சொன்ன சந்தேகத்துக்காகவே 70 சதவீதத்திலும் கொஞ்சம் செய்தேன். அதில் மணம் இருக்கிறது, ஆனால் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது கவலை வெயில். மண்டபத்தில் ஏசி கிடையாது.

சிங்கைச் சமையல்
58-ல் அவ்வளவு தெளிவாக வந்தால் நான் சொன்னதை 70-க்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். வெயில் விஷயத்தில் எங்கள் ஊர் அனுபவம் உதவும். கோகோ பட்டர் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். மண்டபத்தில் 36 இருந்தால் எந்த மேல் பூச்சும் காப்பாற்றாது. தாம்பூலப் பைக்குள் முன்கூட்டியே போடாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, விடைபெறும்போது தனியாகக் கையில் கொடுங்கள்.

அடுமனை அக்கா
அதேதான். காம்பவுண்டில் முக்கினால் உருகாது என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். மூன்று இரவுப் பூ மணமும் அந்த மெழுகுக்குள் அடைந்து கிடக்கும்.

கனாஷைக் கலக்கியதும் பட்டர் பேப்பரை மேலே ஒட்டினாற்போல் மூடி, ஏசி அறையிலேயே ஆறேழு மணி நேரம் இறுக விடுங்கள். ஃபிரிட்ஜில் அவசரமாக இறுக்கினால் வழவழப்புக் குறையும். உருட்டும்போது கையை ஐஸ் தண்ணீரில் நனைத்து நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். கோகோ பவுடரில் புரட்டினால் போதும். மேல் ஓடு வேண்டுமென்றால் சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, மிச்சத்தைப் பொடியாகப் போட்டுக் கலக்கி, 31, 32 டிகிரிக்கு வந்ததும் முக்குங்கள். அறை 24 டிகிரிக்குள் இருக்கட்டும்.

முதல் நாளோ அதற்கு முந்தின நாளோ செய்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில். ஒரு வாரம் தாங்கும், ஆனால் பூ மணம் நாளுக்கு நாள் குறையும்.

மதுரைமாடி
ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் மேலே வியர்க்கிறதே அக்கா, கோகோ பவுடர் ஈரமாகித் திட்டுத் திட்டாகிறது?

அடுமனை அக்கா
டப்பாவைத் திறக்காமலே வெளியே எடுத்து முக்கால் மணி நேரம் வையுங்கள், வியர்வை டப்பாவுக்கு வெளியே நின்றுவிடும். மண்டபத்தில் ஐஸ் பெட்டிக்கும் இதே முறை. ஜெல் பாக்கெட்டைத் துணியில் சுற்றி அடியில் போடுங்கள், அதன் மேல் அட்டை, அதற்கு மேல் மூடிய டப்பாக்கள். கடைசி அரை மணிக்குத்தான் வெளியே எடுக்க வேண்டும். கோகோ பவுடரை அன்று காலையில் இன்னொரு முறை லேசாகச் சலித்துத் தூவிவிடுங்கள்.

நிலக்கோட்டைத் தோட்டம்
எத்தனை பேருக்கு என்று சொல்லு தங்கச்சி. ஏழெட்டுத் தொட்டிப் பூ நூறு பேருக்குக் காணாது. என் வீட்டு வாசலில் மருந்து படாத செடி பத்துப் பன்னிரண்டு தனியாக நிற்கிறது, வீட்டுக்கென்று வைத்தது. தேதி சொன்னால் மூன்று நாளும் விடியற்காலை மொட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

மதுரைமாடி
எண்பது பேர் அண்ணா. தனிச்செய்தியில் தேதி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.